மடிப்புக்குள்ள கைய விடாதீங்க

அண்ணா, அங்க மட்டும் கைய விடாதீங்க. இல்லீங்ணா, பாருங்க, நல்லாப் பாருங்க. வாங்கற வண்டிய நாலு பக்கமும் தட்டிப் பாக்கத்தான் வேணும். பேனட்டத் திறங்க, அடியில படுத்துப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பின்னாடி இடது சக்கரத்துக்கு மேல வளைஞ்சு வருதே அந்தத் தகடு, அந்த மட்காட்டுக்கு உள்ளார மட்டும் விரல விட்டுத் தடவ வேண்டாம். உள் ஓரத்த மடிச்சிருக்கேன். கிழிச்சுரும். அவ்வளவு தானுங்க விசயம்.

உக்காருங்க, சக்கரத்துப் பக்கத்துல கெடக்குதே அந்த ஸ்டூல்ல. லேத்து ஓடறப்பப் பேச முடியாது, அதான் நிறுத்திட்டேன். திருப்பூர்ல இருந்தா வர்றீங்க? இந்த வெயில்ல. டீ சொல்லட்டுங்களா? இந்தப் பைப்புங்களா? இது சும்மா கையில இருக்கும்ங்ணா. வேலை செய்யற கை, வெறுங்கையா இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்க அதப் பாக்காதீங்க, வண்டியப் பாருங்க.

ஏன் விக்கறேன்னு கேட்டீங்கல்ல. சொல்லீர்றேன். மறைச்சு விக்கற ஆளு நானில்லை. இந்தக் கணபதி ஏரியாவுல யாரை வேணாலும் கேளுங்க, லேத்துப் பட்டறை தனபால் எப்படின்னு. சாதுன்னு தான் சொல்லுவாங்க. வேற மாதிரி யாராவது சொன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க, யாருன்னு.

இந்த வண்டிய எடுத்தப்ப இப்படி இல்லீங்ணா. கொக்கு மாதிரி நின்னுச்சு. டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவுல ஒரு பூனை படுத்துத் தூங்கலாம், அவ்வளவு கேப்பு. எனக்குப் பாக்கப் பாக்க எரிஞ்சுச்சு. வண்டின்னா ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகோணும். இதே பட்டறையில ஸ்பிரிங் எல்லாத்தையும் கழட்டி, கிரைண்டர் போட்டு நானே வெட்டினேன். அகலமான டயர், அலாய் வீலு. இறக்கி வெச்சுப் பாத்தா கேப்பு ரெண்டு நூல் தான். நூல்னா எங்க தொழில்ல இஞ்சுல எட்டுல ஒரு பங்குங்க. ரெண்டே ரெண்டு நூல். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. சாப்பிடறது, எந்திரிச்சுப் போய் வண்டியப் பாக்கறது, மறுபடியும் வந்து உக்காருறது. அம்மா கூடக் கேட்டுச்சு, என்னடா கல்யாணப் பொண்ணப் பாக்கற மாதிரி பாக்கறேன்னு.

அந்தச் சமயத்துல தான் கல்யாணமும் வந்துச்சு. கோகிலான்னு பேரு. காங்கேயம் பக்கம். நல்ல குடும்பமுங்க, ஒரு சொல்லுக்கு மறு சொல்லு பேசாத ஆளுங்க. மண்டபத்துல இருந்து இந்த வண்டியில தான் கூட்டிட்டு வந்தேன். மாலையும் கழுத்துமா வந்து நின்னவ, வண்டியப் பாத்துட்டு எங்காதுகிட்ட வந்து, "ஏனுங்க, நாலு டயரும் காத்து எறங்கிருச்சுங்களா?"ன்னா. பக்கத்துல எம்பட சினேகிதனுங்க அத்தனை பேரும் நிக்கறானுங்க. சிரிச்சுட்டானுங்க. நானும் சிரிச்சேன். ஊட்டுக்கு வந்ததுக்கப்பறம் தான் ஒண்ணு வெச்சேன். லேசாத்தானுங்க. கையில போட்டிருந்த வளையல் கூட உடையலை. புருசன் பொண்டாட்டிக்குள்ள இருக்கறது தானே. அதுக்கப்பறம் வண்டியப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசினதில்லை. நல்ல பொண்ணுங்ணா. இன்னைக்கும் அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை.

நானும் அவளும் மட்டும் போறப்ப ஒரு தொந்தரவும் இருக்காது. பின் சீட்ல ஆள் ஏறினா ஆரம்பிச்சுரும். சின்னப் பள்ளம் வந்தாலும் போதும், கர்ர்ருன்னு டயர் தகட்டுல உரசும். பல்லுக் கூசும்ங்ணா அந்தச் சத்தம். எனக்கு என்னையே யாரோ அரம் போட்டு ராவற மாதிரி இருக்கும். ஒருக்கா எங்கக்காவும் அவ வீட்டுக்காரரும் மருதமலைக்குக் கூட்டிட்டுப் போன்னு ஏறிட்டாங்க. அடிவாரத்துலயே நிறுத்திட்டேன். "மேல போக பஸ் இருக்குதுக்கா, எறங்குங்க"ன்னேன். அக்கா எறங்கிருச்சு. மச்சான் மட்டும், "எங்கள விட வண்டி பெருசாடா?"ன்னாரு. சட்டையப் புடிச்சு இழுத்தேன், கதவுல மண்டை இடிச்சு மூக்குல ரத்தம் வந்துருச்சு. நான் இழுக்கத்தான் செஞ்சேன், இடிச்சது அவரு. இப்ப அவங்க ரெண்டு பேரும் வர்றதில்லை. மனுசங்களுக்கு ரோசம் எச்சாகிப் போச்சுங்ணா.

எங்க வீதி முக்குல ஒரு வேகத்தடை இருந்துச்சு. கொழந்தைங்க விளையாடுற வீதின்னு போட்டிருந்தாங்க. ஆள் ஏத்திட்டு அதைத் தாண்டினா உரசாம தாண்ட முடியாது. ஒரு நாள் பட்டப்பகல்ல கடப்பாரை எடுத்துட்டுப் போய்ப் பேத்துட்டேன். எதுத்த ஊட்டுல சிவஞானம்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, "தம்பி, இது கார்ப்பரேசன் போட்டது, உங்க இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது"ன்னு பக்கத்துல வந்தாரு. நான் கடப்பாரைய ஓங்கவே இல்லீங்ணா. சும்மா திரும்பினேன். திரும்பினா அதுவும் கூடத் திரும்புமில்லைங்களா? அவரு பின்னாடி நகர்ந்தாரு, சாக்கடையில விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு விட்டுருச்சு. ஆஸ்பத்திரிக்கு நானே ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன். மனுசன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. நல்லா இருக்கீங்களான்னு கேக்க வந்தவங்கிட்ட இப்படியா நடந்துக்குவாங்க?

அப்பறம் லூர்து. லூர்துசாமின்னு சங்கனூர்ல வண்டித் தகடு தட்டற டிங்கரு. கை நல்ல கை. அவங்கிட்ட வண்டியக் கொண்டு போனேன். பாத்த உடனே சொன்னான், "அண்ணா, ஸ்பிரிங்க மாத்துங்க. வெட்டின ஸ்பிரிங்கு பாரம் தாங்காது. ஒரு இஞ்சு ஏத்திட்டா இந்தச் சோலியே இல்லை"ன்னு. இறக்கின வண்டிய ஏத்தறதாங்ணா? மீசைய எடுத்துட்டு ஊருக்குள்ள வான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. "உங்கிட்ட யோசனை கேக்கலை, மட்காட்டு உள்ளோரத்த மடிச்சுக் குடு"ன்னேன். அது எப்படின்னா, ஹீட்டர்ல பெயின்ட சூடு காட்டி, டயருக்கும் தகட்டுக்கும் நடுவுல பைப்ப வெச்சு, வண்டிய மெதுவா முன்னயும் பின்னயும் உருட்டோணும். கீழ நீட்டிட்டு இருக்கற ஓரம் அப்படியே மேல மடங்கி ஒட்டிக்கும். கேப்பு கிடைச்சுரும். சூடு பத்தலைன்னா பெயின்டு வெடிச்சுரும்.

வலது பக்கம் முழுக்க அழகா மடிச்சுட்டான். மத்தியானம் ஆகிப்போச்சு. இடது பக்கத்துக்கு, "சித்த பொறுங்கண்ணா, சூடு ஏறட்டும்"னான். பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். எத்தனை நேரம் தான் பொறுக்கறது? வண்டிய நானே தள்ளிட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். மட்காட்டு மேல பெயின்டு நட்சத்திரம் மாதிரி வெடிச்சு நிக்குது. எனக்குக் கண்ணு இருட்டிப் போச்சு. அவன் குனிஞ்சு பாத்துட்டிருந்தான். நடுவுல இருந்த பைப்பு எங்கைக்கு வந்துருச்சு, காதோட சேத்து ஒண்ணு விட்டேன். அப்படியே உக்காந்துட்டான். காதுல இருந்து ரத்தம் வடியுது, அதைத் துடைக்காம டயரப் புடிச்சுட்டு உக்காந்திருந்தான். அந்தப் பக்கம் அவனுக்கு இப்பக் காது கேக்காதுன்னு சொல்றாங்க. முன்னாடியே அவனுக்கு லேசா மந்தம் தானுங்ணா. ஹீட்டர் சத்தத்துலயே வேலை செய்யறவன் பாருங்க.

பைப்பு இதே பைப்புத்தான். ஆமா. கையில பட்ட உடனே வாட்டமா இருந்துச்சு, கொண்டு வந்துட்டேன்.

அப்படி இடது பக்கம் மட்டும் மடிக்காமயே நின்னு போச்சு. அதுதான் எல்லாத்துக்கும் காரணமுங்க. அன்னைக்கு அவன் சூடு சூடுன்னு இழுக்காம மடிச்சுக் குடுத்திருந்தா, எம்பட கொழந்தை இன்னைக்கு இந்தப் பட்டறையில ஓடி விளையாடும்.

சொல்றேன், இருங்க.

கோகிலா மாசமா இருந்தா. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், எங்க பக்கமெல்லாம் ஒம்பதாம் மாசம் கட்டுச்சோறுன்னு செய்வாங்க. பொண்ணு ஊட்டுல இருந்து புளிசோறு, தயிர்சோறு, எலுமிச்சஞ்சோறுன்னு பெரிய பெரிய சட்டியில கட்டிக் கொண்டாந்து, ஒரம்பரை சொந்தத்துக்கெல்லாம் விருந்து வெச்சு, வளையல் போட்டுப் பொண்ணைப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அவ ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பச்சை வளையல். அழகா இருந்தாங்ணா. நானே அசந்து போய்ப் பாத்தேன். மூஞ்சி பூசினாப்ல, கண்ணுல மை. அன்னைக்கு எனக்கு அவ மேல அவ்வளவு பிரியமா இருந்துச்சு. அதனால தான் சொன்னேன், மாமனாரு கொண்டாந்த வேன்ல எல்லாம் அவ வர வேண்டாம், எம்பட வண்டியில தான் வருவான்னு.

மாமனாரு கையப் புடிச்சுட்டுக் கேட்டாரு. "மாப்ள, நிறை மாசம், வேன்ல சாஞ்சுட்டு வந்துரும். உங்க வண்டி தாழ்வா இருக்குது, ஏறி எறங்கறது சிரமம்"னாரு. வண்டி தாழ்வுன்னு சொன்னாரு பாருங்க. அவரு கைய ஒதறி விட்டதுல மனுசன் பந்தல் காலைப் புடிச்சுட்டு நின்னாரு. வேன் மத்த ஒரம்பரைய ஏத்திட்டு முன்னாடி போயிருச்சு.

இதுல எங்கம்மா ஒரு வேலை பண்ணுச்சு. கட்டுச்சோறு வந்த சட்டியெல்லாம் வெறுமனாத் திரும்பக் கூடாதில்லைங்களா? மாப்ள ஊட்டுல இருந்து எதையாவது போட்டுத்தான் அனுப்போணும். எங்கம்மா ஒவ்வொரு சட்டியிலயும் அரிசியும் தேங்காயுமா விளிம்பு வரைக்கும் ரொப்பி, எங்கிட்டச் சொல்லாம டிக்கியில ஏத்தி வெச்சிருச்சு. முன்னாடி எம்பக்கத்துல மச்சினன், கௌசிக்குன்னு, காலேஜ் முடிச்ச பையன். பின்னாடி கோகிலாவும் எங்கத்தையும். வண்டியப் பாக்கறேன், பின்பக்கம் அப்படியே குந்தி உக்காந்திருக்குது. கேப்பே இல்லை.

கிளம்பின உடனே ஆரம்பிச்சுருச்சு, கர்ர்ரு. சிங்காநல்லூர் வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு ஓட்டினேன். சூலூர்ல நிறுத்தி அத்தைய எறங்கச் சொன்னேன். "சட்டியெல்லாம் எடுத்துட்டு நீங்க பஸ்ல வாங்க அத்தை, பாரம் தாங்கலை"ன்னேன். அவங்க பட்டுச்சேலையோட, அத்தனை சட்டியையும் பஸ் ஸ்டாப்புல எறக்கி வெச்சுட்டு நின்னாங்க. "நானும் அம்மாவோட எறங்கிக்கறேனுங்க"ன்னா கோகிலா. கண்ணாடியில ஒரு பார்வை பாத்தேன், கதவுல வெச்ச கைய எடுத்துட்டா. மச்சினன் டிக்கியில இருந்து சட்டிய எறக்கறப்ப ஒண்ணு கை தவறிருச்சு, ரோட்டுல அரிசி கொட்டிப்போச்சு. அவன் பொறுக்கக் குனிஞ்சான். "ஏறுறா வண்டியில"ன்னு பொடனியில ஒண்ணு வெச்சேன். ஏறினான். கொட்டின அரிசிய அத்தை உக்காந்து கூட்டிட்டு இருந்தாங்க, கண்ணாடியில தெரிஞ்சுச்சு.

இப்பவாவது உரசாம இருக்கோணுமில்லைங்களா? இருந்துச்சா? இல்லை. அவ ஒருத்தி தான் பின்னாடி. இடது பக்கமா உக்காந்திருந்தா. லூர்து மடிக்காம உட்ட அதே பக்கம். பல்லடம் தாண்டினா ரோடு வேற சரியில்லை, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கர்ர்ரு, கர்ர்ரு. உள்ள ரப்பர் கருகற வாசம். "மச்சான், நிறுத்துங்க, டயர் அறுக்குது, வெடிச்சுரும்"னு மச்சினன் கத்தறான். அவ ரெண்டு கையாலயும் வயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கா. குலுங்கறப்ப எல்லாம் அந்த வளையல் வேற சலசலன்னு. கர்ர்ரு, சலசல. கர்ர்ரு, சலசல. எனக்கு மண்டைக்குள்ள யாரோ ஆணி அடிக்கற மாதிரி இருந்துச்சு.

நிறுத்தினேன். எறங்கிப் பாத்தா டயர்ல ஓரமெல்லாம் சீவியிருக்குது, புகையுது. சரி, இங்கயே மடிச்சுருவோம்னு டிக்கியில இருந்து பைப்ப எடுத்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கறது, ஓரத்த அடிச்சு மடிக்கறது, ஜாக்கிய எறக்கி எவ்வளவு கேப்பு வந்துச்சுன்னு பாக்கறது, மறுபடியும் தூக்கறது. அதுதானுங்க முறை. கோகிலா கதவத் திறந்து ஒரு காலை வெளிய வெச்சா. "உள்ளயே இரு. கதவத் திறக்காத. பாரம் எறங்கினா எங்க உரசுதுன்னு எனக்குத் தெரியாது"ன்னேன். ஏங்ணா, ஞாயமா இல்லையா? பாரம் இருந்தாத்தானே தெரியும்? இதே தொழில்ல இருக்கற யாரை வேணாலும் கேளுங்க.

தூக்கினேன். அடிச்சேன். எறக்கினேன். பத்தலை. தூக்கினேன், அடிச்சேன். ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஆடுது, உள்ள வளையல் சத்தம். "ஏனுங்க, வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுங்க"ன்னா. "சித்த இரு, முடிஞ்சுச்சு"ன்னேன். சூடு காட்டாம அடிக்கறேன்னு எனக்கே தெரியுது, பெயின்டு பொரிப்பொரியா உதிருது, அதப் பாக்கப் பாக்க இன்னும் வெறி ஏறுது. லூர்துவ நினைச்சு அடிச்சேன். வாத்தியார நினைச்சு அடிச்சேன். டயருக்குக் காத்து எறங்கிருச்சான்னு கேட்டப்பச் சிரிச்சானுங்களே, அவனுங்க ஒவ்வொருத்தனையும் நினைச்சு நினைச்சு அடிச்சேன்.

மச்சினன் வந்து பின்னாடி இருந்து பைப்பப் புடிச்சுட்டான். "மச்சான், போதும். அக்கா அழுகுது. போதும் மச்சான்"னான். எங்கையில இருக்கற சாமானத்த ஒருத்தன் புடிச்சா எனக்கு ஆகாதுங்ணா, சின்ன வயசுல இருந்தே. ஒதறினேன், அவன் உடலை. பைப்பத் திருப்பி மணிக்கட்டுல ஒண்ணு போட்டேன். காஞ்ச குச்சி ஒடியற மாதிரி கேட்டுச்சு. கையப் புடிச்சுட்டு ரோட்டோரம் மண்ணுல புரண்டான். சத்தம் போட்டான்னா அப்படி ஒரு சத்தம். ரெண்டு பைக்குக்காரனுங்க நிறுத்தினானுங்க. பைப்பக் காட்டினேன், போயிட்டானுங்க.

திரும்பிப் பாத்தா கோகிலா எறங்கி நிக்கறா. எறங்காதன்னு சொல்லியிருக்கேன், எறங்கிட்டா. தம்பிகிட்டப் போவான்னு பாத்தேன். போகலை. நேரா வந்து, அந்தப் பெரிய வயித்தோட மெதுவாக் குனிஞ்சு, மட்காட்டு ஓரத்துக்கு அடியில கைய வெச்சா. நான் எங்க அடிச்சுட்டு இருந்தேனோ அங்கயே. என்னப் பாத்து, "இப்ப அடிங்க"ன்னா. அழுகலைங்ணா. அதுவரைக்கும் அழுதுட்டு இருந்தவ அப்ப அழுகலை. அவ குரல அப்படி நான் கேட்டதே இல்லை.

கைய எடுடின்னேன். எடுக்கலை.

ஓங்கின கையிங்ணா. நீங்க லேத்துப் பாத்திருப்பீங்க, சுத்தறத சட்டுன்னு நிறுத்த முடியுமா? விசை போட்டா போட்டது தான். நான் தகட்டத்தான் அடிச்சேன். அவ கைய அங்க வெச்சது அவ. வளையல் எல்லாம் பொலபொலன்னு உதிந்துருச்சு. முழங்கை வரைக்கும் இருந்த பச்சை வளையல், ஒரே அடியில. ரத்தம் வந்துச்சு. விரலு ஏதோ கோணலாப் போச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. அவ கத்தலை. அந்தக் கைய வயித்துமேல வெச்சுக்கிட்டா, தம்பிய எழுப்பினா, ரெண்டு பேருமா ரோட்டுல நடந்து போனாங்க. ஒரு பால் வண்டிக்காரன் நிறுத்தி ஏத்திட்டுப் போனான்.

பின்னாடி போகலையான்னா கேக்கறீங்க? போயிருப்பேங்ணா. கண்டிப்பாப் போயிருப்பேன். இன்னும் கொஞ்சம் தான் பாக்கி இருந்துச்சு. பாதியில உட்டா தகடு திரும்பிக்கும். நாலு அடி போட்டு மடிச்சு முடிச்சேன். முடிச்சுட்டு ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். அந்தப் பள்ளமெல்லாம் அதே பள்ளம் தான். ஒரு சத்தம் இல்லீங்ணா. சுத்தமா ஒரு சத்தம் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. கோகிலாகிட்டச் சொல்லோணும்னு திரும்பிப் பாத்தேன், பின் சீட்ல யாருமில்லை. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்கே அவளுக்கு வலி கண்டுருச்சு. பொட்டப்புள்ளை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், மாமனாரு வாசல்ல நின்னு மறிச்சுட்டாரு. பெரிய மனுசன்னு பாக்காம ரெண்டு தள்ளு தள்ளினேன், கண்ணாடிக் கதவு உடைஞ்சுச்சு, போலீசு வந்துருச்சு. அப்பறம் பெரியவங்க கூடிப் பேசினாங்க. பேசறாங்க, பேசிட்டே இருக்காங்க. கொழந்தை மூஞ்சிய நான் இன்னும் பாக்கலைங்ணா. போட்டோ கூட அனுப்பலை. ஒருக்கா வேற ஒருத்தன் போன்ல இருந்து கூப்பிட்டேன். அத்தை யாருன்னு தெரியாம எடுத்துட்டாங்க. பின்னாடி கொழந்தை அழுகற சத்தம் கேட்டுச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே ஸ்டூல்ல உக்காந்து அழுதுட்டேன். எத்தனை வருசத்துக்கப்பறம் அழுதேன்னு தெரியாது. எம்பட ரத்தமில்லைங்களா அது? ஒருக்கா தூக்கோணும்னு இருக்காதா?

வர்ற ஞாயித்துக்கிழமை மொட்டையடிச்சுக் காது குத்தறாங்களாம். எங்களுக்குத் தாக்கல் இல்லை, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலை. ஊர்க்காரன் சொல்லித்தான் தெரியும். எம்பட கொழந்தைக்கு எங்க குலசாமி கோயில்ல தானே முதல் மொட்டை எடுக்கோணும்? அவங்க ஊரு கோயில்ல எடுக்கறாங்களாம். தாய்மாமன் மடியில வெச்சுத்தான் காது குத்துவாங்க. மச்சினனுக்குக் கை இன்னும் மடங்கறதில்லையாம், கொழந்தையப் புடிக்க முடியுமான்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கறாங்களாம். ஏங்ணா, கொழந்தை உக்காரப் போறது மடியில. கை எதுக்கு? இப்படி ஒவ்வொண்ணையும் பெருசு பண்ணிப் பேசறது தான் அவங்க வேலை. எங்கம்மாவும் அவங்க பக்கம் சேந்துக்கிச்சு. இப்ப அக்கா ஊட்டுல போய் இருக்குது.

நான் ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு. எல்லாத்துக்கும் இந்த வண்டி தான் காரணம். இது இருக்கற வரைக்கும் கோகிலாவுக்கு அது தான் கண்ணு முன்னாடி நிக்கும். வித்துட்டு, ஞாயித்துக்கிழமை பஸ்ல போய் எறங்கி, "இந்தா, வண்டிய வித்துட்டேன், இனி என்ன?"ன்னு கேக்கப் போறேன். அதுக்கு மேல அவங்க என்ன சொல்ல முடியும்? சொல்லட்டும் பாக்கலாம். அதனால தானுங்க விக்கறேன். வண்டில ஒரு குறையும் இல்லை.

அட. அட, சொன்னேன்ல. விரல விடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? காட்டுங்க. ஆழமா ஏறிருச்சா? இந்தாங்க, துணி. தகடு இல்லீங்ணா அது. கண்ணாடி. அன்னைக்கு மடிக்கறப்ப அந்த வளையல் துண்டு உள்ளார சிக்கிக்கிச்சு. குனிஞ்சு பாத்தீங்கன்னா பச்சையாத் தெரியும். எடுக்க முடியாம இல்லைங்க, எடுக்கலாம். எடுக்கோணும்னா மடிப்ப விரிக்கோணும். விரிச்சா மறுபடியும் உரசும். அதான் அப்படியே உட்டுட்டேன்.

ஏனுங்ணா எந்திரிக்கறீங்க? யோசிச்சுச் சொல்றேன்னா என்ன அர்த்தம்? இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டுட்டு யோசிச்சுச் சொல்றேன்னா? உரசுமோன்னு சந்தேகமா? இப்பவே பாத்துருவோம். வாங்க, பின் சீட்ல உக்காருங்க. இடது பக்கமா. அவ எறங்கினதுக்கப்பறம் இதுல யாரும் உக்காந்ததில்லை, சீட்டுப் புதுசாட்டம் இருக்குது பாருங்க. ஷட்டர எறக்கறது எதுக்குன்னா, வெயிலு மூஞ்சிலயே அடிக்குது, வேற ஒண்ணுமில்லை. நான் கீழ நின்னு வண்டிய ஆட்டிப் பாக்கறேன், உரசற சத்தம் வருதான்னு நீங்களே கேட்டுட்டுப் போங்க.

பஸ்ஸெல்லாம் எங்கயும் போகாதுங்ணா. உக்காருங்க.

உக்காருங்கன்னு சொல்றேன்ல.

உக்காரு.

ம். அவ்வளவு தான். இதுக்குப் போயி. கதவத் திறக்காதீங்க, உள்ளயே இருங்க. பாரம் எறங்கினா எங்க உரசுதுன்னு எனக்குத் தெரியாது.